ஏழு பட்டை

என் மேசை இழுப்பறையில் ஒரு அட்டை கிடக்கிறது. பிறப்பால் அது ஒரு வேட்டிப் பெட்டியின் மூடி. ஒரு பக்கம் கடைப் பெயரின் பொன்னெழுத்து பாதி தேய்ந்திருக்கும். மறுபக்கம் முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண்கள்: 8, 2, 3, 3, 4, 5, 7. வீட்டுக்கு வந்த மிருதங்க மாணவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, “இது என்ன கணக்கு சார், எந்தத் தாளத்துக்கும் உட்காரலையே?” என்று கேட்டான். உட்காராதுதான். அது இருட்டறைக் கணக்கு.

டார்க் ரூம் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. என்லார்ஜர் என்பது தலைகுனிந்து நிற்கும் சினிமா புரொஜெக்டர் மாதிரி. மேலே நெகட்டிவ், கீழே பலகையில் பிரோமைடு பேப்பர். விளக்கைப் போட்டால் படம் பேப்பரில் விழுகிறது. எத்தனை நொடி விழுந்தாலும் பேப்பர் வெள்ளையாகவே இருக்கும். டெவலப்பர் ட்ரேயில் போட்ட பிறகுதான் வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்று தெரியும். தெரியும்போது நேரம் கடந்திருக்கும், ஒரு முழுத் தாள் போயிருக்கும். அதனால் தாளில் ஒரு கீற்றை வெட்டி, அட்டையால் படிப்படியாக மூடி, பட்டை பட்டையாக வெவ்வேறு நொடிகள் கொடுத்துப் பார்ப்பார்கள். கழுவி எடுத்தால் திருநீற்றுப் பட்டை போல வரிசையாக நிற்கும், வெளுப்பிலிருந்து கறுப்புவரை. எது சரியோ அதன் நொடியை எடுத்துக்கொண்டு முழுத் தாளில் பிரிண்ட் போடுவார்கள். அந்தக் கீற்றுக்கு டெஸ்ட் ஸ்டிரிப் என்று பெயர். மூடும் அட்டைக்குத் தனிப் பெயர் கிடையாது. பெயரில்லாத அந்தப் பொருளின் வரலாறுதான் இது.

அதன் முன்னோர்களுக்கு வேலையே இருக்கவில்லை. ஆரம்பகாலப் படங்கள் வெயிலில் தானாகக் கறுத்தவை. 1858இல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக லினியஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீண்ட சுருளாக்கியவர் அவர். அந்தப் பிரிண்ட்கள் எல்லாம் சூரியன் போட்டவை. மரச்சட்டத்தில் நெகட்டிவையும் வெள்ளி உப்பு பூசிய தாளையும் சேர்த்து இறுக்கி வெயிலில் வைப்பார்கள். சட்டத்தின் முதுகுப் பலகை இரண்டாகப் பிளந்து கீல் வைத்திருக்கும். ஒரு பாதியை மட்டும் திறந்து, தாளின் நுனியைத் தூக்கிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்று மூடிவிடலாம். தோசையை ஓரத்தில் நெம்பிப் பார்க்கிற அதே வேலை. கண்ணே கருவியாக இருந்ததால் சோதனைக் கீற்று தேவைப்படவில்லை.

கண்ணைப் பறித்தவர் ஜோசப் ஸ்வான். 1864இல் அவர் காப்புரிமை எடுத்த கார்பன் முறையில், கரித்தூள் கலந்த ஜெலட்டின் பூசிய தாள் வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகும், படாத இடம் வெந்நீரில் கரைந்து போகும். மங்காத படம், அருமையான கறுப்பு. ஆனால் தாளே கரிக்கறுப்பு. சட்டத்தைத் திறந்து பார்த்தால் கறுப்பில் கறுப்புதான் தெரியும். வெந்தாச்சா என்று எதை வைத்துப் பார்ப்பது?

இங்கேதான் நம் அட்டையின் பாட்டி பிறக்கிறாள். பெர்லினில் பேராசிரியராக இருந்த ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் செய்த கருவி, விலையுயர்ந்த கண்ணாடியோ பித்தளையோ கொண்டு தன் வேலையைச் செய்யவில்லை. மெல்லிய தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். முதல் படியில் ஓர் அடுக்கு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று என்று படிக்கட்டு போல. ஒவ்வொரு படியிலும் ஒரு கறுப்பு எண். அடியில் குரோமேட் தோய்த்த தாள். வெயிலில் அந்தத் தாள் பழுப்பாகும்போது எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். மெல்லிய படியின் எண் முதலில், தடித்த படியின் எண் கடைசியில். கார்பன் சட்டத்துக்குப் பக்கத்திலேயே இதை வைத்துவிட்டு, “இந்த நெகட்டிவுக்குப் பன்னிரண்டு வரட்டும்” என்று காத்திருக்கலாம். பார்க்க முடியாத தாளுக்குப் பதிலாகப் பார்க்க முடிந்த தாள் ஒன்று சாட்சி சொல்கிறது.

தாள் அடுக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர் அடுக்கு வெளிச்சத்தில் பாதியை விடுகிறது என்று வையுங்கள். இரண்டு அடுக்கு கால்வாசியை விடும், மூன்று அடுக்கு அரைக்காலை. அடுக்கு ஒவ்வொன்றாகக் கூடினாலும் வெளிச்சம் மடங்காகக் குறைகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் தலையில் குட்டு வாங்கிய இடம் இதுதான்.

1893இல் லியோ பேக்லாண்ட் அமெரிக்காவில் வெலாக்ஸ் என்ற தாளைக் கொண்டுவந்தார். பேக்கலைட் கண்டுபிடித்த அதே பேக்லாண்ட். வெயில் வேண்டாம், வீட்டு எரிவாயு விளக்கே போதும். சுடருக்குப் பக்கத்தில் வைத்து வெளிச்சம் காட்டி, சற்று தள்ளிப் போய் டெவலப்பரில் போட வேண்டியதுதான். சூரியனிடமிருந்து விடுதலை. ஆனால் இந்தத் தாளிலும் படம் வெளிச்சத்தில் தோன்றாது, மருந்தில்தான் தோன்றும். பிரோமைடு பேப்பரும் இதே ஜாதி. இப்படி ஒவ்வொரு வீட்டு இருட்டறையிலும் ஸ்வானின் பழைய கேள்வி வந்து உட்கார்ந்தது. இதில் ஒரு வேடிக்கை: மின்விளக்கை உருவாக்கியவர்களில் ஒருவரும் அதே ஸ்வான்தான். கண்ணைப் பறித்தவரின் பல்புதான் பின்னாளில் என்லார்ஜரின் தலைக்குள் ஏறியது.

வெலாக்ஸுக்குச் சற்று முன்பே, இங்கிலாந்தில் விட்னஸ் ஊரின் ரசாயன ஆலையில் வேலை பார்த்த இருவர், ஃபெர்டினண்ட் ஹர்ட்டரும் வீரோ டிரிஃபீல்டும், ஓய்வு நேரத்தில் வெளிச்சத்தை அளக்கப் புறப்பட்டார்கள். ஒரு மெழுகுவர்த்தி, அதற்கு ஒரு மீட்டர் தள்ளி ஒரு புகைப்படத் தகடு, நடுவே சுழலும் சக்கரம். சக்கரத்தில் படிப்படியாக வெட்டிய இடைவெளிகள். ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரண்டு மடங்கு. சக்கரம் சுழன்றால் தகட்டில் இரட்டை இரட்டையாக ஏறும் வெளிச்சம் விழும். 1890இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் ஃபிலிமின் குணத்தை ஒரு வளைகோடாக வரையும் பழக்கம் வந்தது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவர்களுக்கு இல்லை. மெழுகுவர்த்தியும் சக்கரமும் வைத்து வீட்டுத்தனமாகச் செய்த வேலை ஒரு தொழிலுக்கே அடிப்படை ஆயிற்று.

அந்தச் சுழல் சக்கரத்தின் கடைசி வாரிசு கோடாக்கின் சக்கரம். நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிம் தகடு, அதில் பத்து இதழ். இதழ்களில் 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 32, 48 என்று எண்கள். இதைப் பேப்பரின் மேல் வைத்து 60 நொடி வெளிச்சம் காட்ட வேண்டும். 48 என்ற இதழ் ஐந்தில் நாலு பங்கு வெளிச்சத்தை விடும். 2 என்ற இதழ் முப்பதில் ஒரு பங்கைத்தான் விடும். கழுவிப் பார்த்து, எந்த இதழில் படம் நன்றாக இருக்கிறதோ அதில் எழுதியிருக்கும் எண்ணே நொடி. கூட்டல் கழித்தல் கிடையாது. அழகான பொருள், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு குறை: முகம் ஓர் இதழில் விழும், தலைமுடி இன்னோர் இதழில், பின்னால் இருக்கும் சுவர் மூன்றாவதில். எதை எதோடு ஒப்பிடுவது?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சின்ன ஊர் ஸ்டுடியோக்காரர். கல்யாண ஆல்பமும் பாஸ்போர்ட் சைஸும் போட்டே முடி நரைத்தவர். ஊட்டியில் செய்த ‘இந்து’ பேப்பரில் பிரிண்ட் போட்ட தலைமுறை. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அந்த அரசு நிறுவனம் 1960இல் பதிவாகி, 1967இல் உற்பத்தி தொடங்கியது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை. நான் ஒரு நாள் என் டெஸ்ட் ஸ்டிரிப்பைப் பெருமையாக நீட்டினேன். படத்தில் ஒரு கிழவி வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். என் ஏழு பட்டையும் அவள் பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவரில் வரிசையாக விழுந்திருந்தன. அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, மூஞ்சியில வை. சுவத்துக்கு எத்தனை செகண்டுன்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போற?”

“மூஞ்சி சின்னதா இருக்கேண்ணே, ஏழு பட்டை எப்படி விழும்?”

“பட்டை நகரக் கூடாது. பேப்பர் நகரணும்.”

அவ்வளவுதான் சொன்னார், ஹைப்போ ட்ரேயை ஆட்டப் போய்விட்டார்.

அந்த ஒரு வரியை அட்டையாக மாற்ற எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வேட்டிப் பெட்டியின் மூடி அப்போதுதான் கதைக்குள் வருகிறது. மூடியின் நடுவே ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு சன்னல் வெட்டினேன். கீழே இரண்டு அட்டைக் கீற்றுகளை ஒட்டி, நடுவில் பேப்பர் கீற்று வழுக்கிப் போக ஒரு தடம். மூடியை என்லார்ஜர் பலகையில் வைத்து, சன்னல் கிழவியின் கன்னத்துக்கு நேராக வரும்படி நிறுத்தி, நகராமல் டேப் போட்டுவிட வேண்டும். பேப்பரைத் தடத்தில் செருகி ஒரு வெளிச்சம். ஓர் அங்குலம் இழுத்து இன்னொரு வெளிச்சம். ஆறு முறை இழுத்தால் ஏழு கன்னம். கழுவினால் ஒரே கிழவி ஏழு நிறத்தில், வெயிலில் அலைந்ததுபோல ஒன்றைவிட ஒன்று கறுத்து நிற்பாள். எது அவள் என்று பார்த்த கணத்தில் தெரிந்துவிடும். இதே யோசனை வெளியுலகிலும் பலருக்குத் தோன்றி, கடைக் கருவியாகவும் செய்முறையாகவும் வந்திருக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் அட்டை சொதப்பியது. வெளிச்சம் படாத இடங்களிலும் பேப்பர் லேசாகச் சாம்பல் பூத்தது. சிவப்பு விளக்கைச் சந்தேகப்பட்டேன், பேப்பர் பழையதோ என்று நினைத்தேன். காரணம் அட்டையேதான். வெள்ளை அட்டை பார்க்கத்தான் தடிமன். பகலில் சன்னலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே வெளிச்சம் கசிவது தெரிகிறது. அதன் அடிப்புறம் வெள்ளையாக இருந்ததால் விளிம்பில் நுழைந்த வெளிச்சத்தைப் பேப்பர்மேல் திருப்பியும் அடித்தது. இதற்கு மருந்து கையிலேயே இருந்தது. பிரோமைடு பேப்பர் டப்பாவுக்குள் ஒரு கறுப்புப் பை வரும், துளி வெளிச்சம் புகாத பை. காலி டப்பாக்களில் அந்தப் பைகள் சும்மா கிடந்தன. வெட்டி அடிப்பக்கம் முழுக்க ஒட்டினேன். பேப்பர் உடுத்தி வந்த துணியே பேப்பரைக் காக்கும் கூரையாயிற்று.

இனி எண்களுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போல 5, 10, 15, 20, 25, 30, 35 என்றுதான் கொடுத்தேன். முதல் இரண்டு பட்டைக்கும் நடுவே பள்ளத்தாக்கு; கடைசி மூன்றும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஐந்துக்கு மேல் ஐந்து என்றால் இரண்டு மடங்கு. முப்பதுக்கு மேல் ஐந்து என்றால் ஆறில் ஒரு பங்கு. பேப்பர் கூட்டலைக் கணக்கில் எடுப்பதில்லை, மடங்கைத்தான் எடுக்கும். ஃபோகலின் தாளடுக்கும் ஹர்ட்டரின் சக்கரமும் மடங்காக ஏறியது இதனால்தான். சுருதிப்பெட்டிக்கும் இதே நியாயம்: ஸ்தாயி ஏறினால் அதிர்வு இரட்டிக்கிறது. எட்டிலிருந்து பதினாறு ஒரு ஸ்தாயி, பதினாறிலிருந்து முப்பத்திரண்டு இன்னொன்று. ஒவ்வொன்றையும் மூன்று சம படிகளாகப் பிரித்தால் 8, 10, 13, 16, 20, 25, 32 வருகிறது. ஏழு பட்டை, இரண்டு ஸ்தாயி. லண்டனில் பேர்பெற்ற பிரிண்டராக இருந்த ஜீன் நோக்கன் 1980களில் இந்த மடங்குக் கணக்கையே ஒரு முறையாக்கி, அதற்கென்று தனியாக ஒரு டைமரும் கொண்டுவந்தார். என்னிடம் டைமர் இல்லாததால் அட்டையின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

சன்னல் அட்டையில் அந்த எண்களை அப்படியே கொடுக்கலாம். அவசரத்துக்கு வெறும் அட்டையால் மூடிக்கொண்டே போகிற பழைய முறையில் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். முதலில் எல்லாருக்கும் 8. ஒரு பட்டையை மூடிவிட்டு 2, அடுத்ததையும் மூடி 3, பிறகு 3, 4, 5, 7. அட்டையின் ஓரத்தில் மிருதங்க மாணவன் பார்த்தது இந்தக் கூட்டல் எண்களைத்தான்.

இந்தப் பழைய முறையில் ஒரு திருட்டு உண்டு. என்லார்ஜர் பல்பின் இழை போட்டவுடன் முழுதாக எரிவதில்லை, ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. 2 நொடிக்கு ஒருமுறை போட்டு அணைத்தால் அந்தக் கணம் பெரிய பங்கு. ஏழு முறை போட்டு அணைத்த 32 நொடி, ஒரே மூச்சில் எரிந்த 32 நொடிக்குச் சமமாகாது. பேப்பருக்கும் இதில் ஒரு குணம் இருக்கிறது. துண்டு துண்டாக வாங்கும் வெளிச்சத்தையும் மொத்தமாக வாங்குவதையும் அது ஒன்றாக நினைப்பதில்லை. அதனால் விளக்கை எரியவிட்டு அட்டையை மட்டும் நகர்த்துவது மேல். கணக்கை வாயால் எண்ணலாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்துக்கொண்டார். இளவயதில் பியானோக் கலைஞராக வர நினைத்தவர் அவர். தாளத்துக்கு ஏற்பக் கை நகரும், கண் முழுவதும் படத்தில் இருக்கும். கடிகாரத்தைப் பார்ப்பவன் அட்டையைக் கோணலாகத்தான் பிடிப்பான்.

ஆடம்ஸிடமிருந்து நான் திருடிய இன்னொரு பாடம் காய வைப்பது. ஈரப் பிரிண்ட் பொய் சொல்லும். ட்ரேயில் பளிச்சென்று தெரிகிற வெள்ளைச் சேலை, காய்ந்ததும் ஒரு சாயல் மங்கிப்போகும்; நார்த்தாள் என்கிற ஃபைபர் பேப்பரில் இது அதிகம். ஆடம்ஸ் தன் சோதனைக் கீற்றுகளை மைக்ரோவேவ் அடுப்பில் காயவைத்துப் பார்த்தார். எங்கள் வீட்டில் சமையலறைப் பொருள் எதையும் டார்க் ரூமுக்குள் விட மாட்டார்கள், அது நியாயமும்கூட. முடி உலர்த்தும் டிரையர் போதும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு கல்யாணத்தின் பத்துப் படங்களை ஈரத்தில் பார்த்து முடிவெடுத்து, காய்ந்தபின் குப்பைத் தொட்டிக்குக் கொடுத்தேன். பட்டுப்புடவை எல்லாம் பருத்தியாகியிருந்தது.

அட்டை வந்த பிறகும் கோடாக் சக்கரத்தின்மேல் ஆசை போகவில்லை. வாங்க வழியில்லாமல் நானே செய்தேன். சாதாரண 35 மில்லிமீட்டர் கேமராவில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் கலைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டரை ஒரு படி மாற்றிக்கொண்டே போனால், கழுவிய ஃபிலிமில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு சாம்பல் கட்டமாக வரும். அவற்றை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, கண்ணாடித் துண்டின்மேல் வெளிர் முதல் கருமை வரை பக்கம் பக்கமாக ஒட்டினேன். பார்க்க ஒழுங்கான ஏணி. ஆனால் ஒரு படிக்கு எத்தனை? ஷட்டர் இரண்டு மடங்கு மாறியதால் ஃபிலிமின் கருமையும் வெளிச்சத்தைப் பாதியாக்கும் என்று நினைத்தால் தப்பு. ஃபிலிம் தன் இஷ்டத்துக்கு அமுக்கிவிடும், எவ்வளவு அமுக்கும் என்பது நீங்கள் கழுவிய மருந்தையும் நேரத்தையும் பொறுத்தது. கருமையை அளக்க டென்சிடோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. நான் பேப்பரையே கேட்டேன்.

நெகட்டிவை எடுத்துவிட்டு, லென்ஸை முடிந்தவரை சுருக்கி வெளிச்சத்தைக் குறைத்து, பேப்பரின்மேல் ஏணியை வைத்து 60 நொடி. பக்கத்தில் இன்னொரு கீற்றில், ஏணி இல்லாமல் வெறும் வெளிச்சம், சன்னல் அட்டையால் ஏழு பட்டை. இரண்டையும் ஒரே ட்ரேயில் சேர்த்துக் கழுவிக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஏணியின் நாலாவது படி கொடுத்த சாம்பலும், வெறும் 16 நொடிப் பட்டையின் சாம்பலும் ஒன்றாக இருந்தால், அந்தப் படி 60இல் 16ஐ மட்டும் விடுகிறது. குண்டூசியால் ஃபிலிமில் 16 என்று கீறிவிட வேண்டியதுதான். இப்படி ஒவ்வொரு படிக்கும். இரண்டு நிறங்களுக்கு நடுவில் விழுந்த படிக்கு நடு எண். சிலது அசிங்கமான எண்களாக வந்தன: 11, 18, 27. கோடாக் சக்கரத்தில் இப்படி எண்கள் இருக்காது. ஆனால் கோடாக் சக்கரம் என் பல்பைப் பார்த்ததில்லை, என் ஊர்த் தண்ணீரில் கலந்த டெவலப்பரைப் பார்த்ததில்லை. இந்த ஏணி அவற்றுக்கு நடுவிலேயே பிறந்தது. என் கணக்கில் அதுதான் நம்பகம். கையால் செய்ததால் வந்த பாசம் இதில் கொஞ்சம் இருக்கலாம், மறைக்கவில்லை.

ஸ்டுடியோக்காரரிடம் சன்னல் அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேப்பரை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். “தடம் கொஞ்சம் இறுக்கமா இருக்கு, ஈரக் கையில மாட்டும்” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். தடத்தில் மெழுகு தேய்த்த பிறகு மாட்டவில்லை. அவர் தன் டார்க் ரூமில் கடைசிவரை இப்படி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நெகட்டிவை விளக்கில் தூக்கிப் பார்த்து, “பதினொண்ணு” என்பார். பத்துக்கு எட்டுத் தடவை பதினொன்றாகத்தான் இருக்கும். மீதி இரண்டு தடவை, வெட்டிப்போட்ட ஓரத் துண்டில் ஒரு பட்டை போட்டுப் பார்ப்பார். ஐம்பது வருஷத்தில் அவர் கண்ணே ஏணியாகிவிட்டது. எனக்கு அந்த வருஷங்கள் இல்லை, அதனால் அட்டை.

இன்றும் இங்கிலாந்தில் இல்ஃபோர்டும் செக் நாட்டில் ஃபோமாவும் கறுப்பு வெள்ளைப் பேப்பர் செய்கிறார்கள். இங்கே வந்து சேரும்போது ஒவ்வொரு தாளும் கையைச் சுடும் விலை. ஒரு தாளை ஏழெட்டுக் கீற்றாக வெட்டி வைத்துக்கொண்டால், ஒரு மாலை முழுக்கச் சோதித்தும் முழுத் தாள் ஒன்றுக்குமேல் செலவாகாது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று மட்டும். பல்போ பேப்பரோ மாறினால் ஏணியின் எண்கள் சற்று நகரலாம். நான் குண்டூசியால் கீறியதில் இரண்டு கண்ணாடிகள் இப்போது வீண். நீங்கள் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் கீற்றை ஒட்டி, அதில் பென்சிலால் எழுதுங்கள்.